பசுத்தோல் போர்த்திய புலி

என் தங்கைக்குக் கோபம் வந்தால் நேரில் சண்டை போடமாட்டாள். மூன்றாவது மனிதரிடம், "அவகிட்டே சொல்லிடுங்க" என்று சொல்லி அனுப்புவாள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் குடித்தனம் செய்யும் தன் மகளோடு நாலு மாதமாக அவள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் தபால்காரன் வேலை எனக்கு.

விஷயம் இதுதான். கல்யாணத்தின்போது போட்ட எட்டு வளையல்களை அந்தப் பெண் சென்னைக்கு வந்திருந்த சமயத்தில் சத்தமில்லாமல் விற்றுவிட்டாள். விற்று வாங்கியது என்ன? வீடா, நிலமா? முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மோட்டார் கார்!

"அண்ணா, சிவப்பா, பளபளன்னு ஏதாவது வாங்கியிருந்தாலாவது மனசு ஆறும். போட்டோவைப் பார்த்தீங்களா? வாடகைக் கார் மாதிரி இருக்கு! இதுக்கா என் தங்கம் போச்சு? இன்னிக்குப் பவுன் விற்கிற விலை தெரியுமா?" என்றாள் தங்கை.

பவுன் விலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அது வீட்டுக்கு வீடு நெஞ்சு வலிக்கிற சமாசாரம். ஆனால் வாடகைக் கார் என்று அவள் சொன்னது முழு வாஸ்தவம். 1984-ல் மெர்ஸிடிஸ் கம்பெனி வெளியிட்ட அந்த உருவத்துக் கார்கள்தாம் ஜெர்மனி முழுவதும் வருஷக் கணக்கில் டாக்ஸியாக ஓடின.

போன ஐப்பசியில் எனக்கு அந்தப் பக்கம் போகும் சந்தர்ப்பம் வாய்த்தது. "புத்தி சொல்லிவிட்டு வாங்க" என்று தங்கை தூது அனுப்பினாள். தூதனாகப் போனவன் என்ன ஆனேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஸ்டேஷனுக்குக் கார் வந்திருந்தது. கருநீல நிறம். நாலு கதவு. பின்னால் இரண்டு குழந்தைகளுக்கும் ஆசனங்கள், தரையில் பிஸ்கட் தூள், ஒரு ஒற்றைக் காலுறை. நான் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். விசேஷமாக ஒன்றுமே தென்படவில்லை. சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் புடைத்திருந்தது, அவ்வளவுதான். பூரி சரியாக உப்பாதபோது லேசாக ஒரு பக்கம் எழும்புமே, அந்த மாதிரி. பின்னால் என்ன மாடல் என்று எழுதியிருக்கும் எழுத்துக்கூட இல்லை.

"எழுத்து எங்கேம்மா, உதிர்ந்து போச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. முதல்லே வாங்கினவங்களே எழுத்து வேண்டாம்னு சொல்லி வாங்கியிருக்காங்க. இந்த ஊர்லே அப்படிக் கேட்டு வாங்கலாம்."

காசைக் கொட்டிக் கொடுத்து வாங்குகிற சாமானில், "என் விலை தெரியும்படி எதுவும் எழுத வேண்டாம்" என்று சொல்லும் ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள்! நம் ஊரில் புதுப் புடவையின் விலைச் சீட்டை மறந்தாற்போல் விட்டுவைத்துக்கொண்டு நவராத்திரிக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காரின் பெயர் 500 ஈ. அதன் பிறப்பே ஒரு கதை. 1990-ம் வருஷ வாக்கில் ஸ்டுட்கார்டில் இரண்டு கம்பெனிகள். மெர்ஸிடிஸ் கம்பெனியிடம் வேலை இருந்தது, கை போதவில்லை. பந்தயக் கார்களுக்குப் பேர் போன போர்ஷே கம்பெனியிடம் கை இருந்தது, வேலை இல்லை. வியாபாரம் படுத்துக் கிடந்த காலம். டாக்ஸி உருவத்துக்குள்ளே 5 லிட்டர், 8 சிலிண்டர் என்ஜின் ஒன்றைப் பொருத்திக் கொடுக்கும்படி முன்னவர் பின்னவரிடம் ஒப்படைத்தார்கள். அவ்வளவு பெரிய என்ஜினுக்கும் அகலச் சக்கரத்துக்கும் இடம் வேண்டாமா? முன்புறம் ஐந்தரை சென்டிமீட்டர் அகலமாயிற்று. நான் பார்த்த பூரி உப்பல் அதுதான். அந்த உப்பலால் வந்தது வம்பு. ஸிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலையில் கார்கள் வரிசையாக நகர்ந்து போகும் பாதையில் இது நுழையவில்லை! ஆகவே ஸூஃபென்ஹௌஸனில் போர்ஷேக்காரர்களின் கூடத்தில் கையால் கூட்டி, வர்ணம் பூச ஸிண்டல்ஃபிங்கனுக்கு அனுப்பி, என்ஜின் வைக்க மறுபடி ஸூஃபென்ஹௌஸனுக்குக் கொண்டுவந்து, கடைசிச் சோதனைக்குத் திரும்பவும் ஸிண்டல்ஃபிங்கன். ஒரு காருக்குப் பதினெட்டு நாள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் அலைகிற புதுப்பெண் கெட்டாள்! 1995-ல் நிறுத்தும் வரையில் 10,479 கார்கள் செய்தார்கள். விலை ஒரு லட்சத்து முப்பதாயிரம் மார்க்குக்கு மேல். 326 குதிரை சக்தி. வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். அதற்கு மேல் போகாதபடி கம்பெனியாரே கடிவாளம் போட்டிருக்கிறார்கள்.

இந்த ஜாதிக் கார்களுக்கு இங்கிலீஷ்காரர்கள் 'க்யூ கார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்து வந்தன. சின்னக் கப்பலுக்கு ஒரு டார்ப்பிடோவை வீணாக்குவானேன் என்று மேலே வந்து பீரங்கியால் சுடுவார்களாம். பார்த்தார்கள் பிரிட்டிஷ் கடற்படையினர். பழைய சரக்குக் கப்பல் ஒன்றில் பீரங்கிகளை ஏற்றி, பலகை வைத்து மூடி அனுப்பினார்கள். நீர்மூழ்கி மேலே வந்து கிட்டே நெருங்கியதும் பலகை விழும், பீரங்கி முழங்கும். அந்தக் கப்பல்களுக்கு 'க்யூ ஷிப்' என்று பெயர். ஜெர்மானியர் இத்தகைய காரை 'ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்' என்கிறார்கள். நாம் பசுத்தோல் போர்த்திய புலி என்போம். நம் பாஷையில் அது வசவு, அங்கே பாராட்டு!

இதற்கெல்லாம் பாட்டனார் ஒருவர் உண்டு. எரிக் வாக்ஸன்பெர்கர் என்ற என்ஜினீயர், ராஜா மகாராஜாக்கள் வாங்கும் மெர்ஸிடிஸ் 600 காரின் 6.3 லிட்டர் என்ஜினை எடுத்து, வக்கீல்களும் டாக்டர்களும் வாங்கும் காரில் வைத்துப் பார்த்தார். அது 1968-ல் ஜெனீவா கண்காட்சிக்கு வந்தது. முன்பக்கமிருந்து பார்த்தால் சாதுவான குடும்பக் கார். பின்னால் ஓர் ஓரத்தில் '6.3' என்று மட்டும் சின்னதாய் எழுதியிருக்கும். அதைப் படிக்கும் தூரத்தில் வெகு பேர் வெகு நேரம் இருக்க முடியாது என்பதுதான் வேடிக்கை.

நிற்க. தூதன் தூதை மறக்கலாமா? மறுநாள் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தெற்கே ஏரிக்கரைப் பக்கம் போகும் ஏ-81 நெடுஞ்சாலையில் என்னை அழைத்துப் போனாள். அந்தச் சாலையில் சில பகுதிகளுக்கு வேகக் கட்டுப்பாடு கிடையாது. 130-க்குள் போவது நல்லது என்று சர்க்கார் யோசனை மட்டும் சொல்கிறது. அவள் 120-ல் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் சிவப்பாக, தரையோடு தரையாக ஒரு கார் வந்து விளக்கைச் சிமிட்டியது. உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன். என் தங்கை பெண் மரியாதையாக வலப்புறம் ஒதுங்கி வழி விட்டாள். பையன் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தான். 'டாக்ஸியில் கிழவரைக் கூட்டிக்கொண்டு போகிறாள்' என்று நினைத்திருப்பான்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. புத்தி சொல்ல வந்தவன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "விடாதேம்மா! பிடி அவனை!"

அவள் சிரித்தாள். "எதுக்கு மாமா? பிடிக்க முடியும்னு எனக்குத் தெரியுமே."

கொஞ்ச தூரம் போனதும் சாலை வெறிச்சென்றிருந்தது. "ஒரே ஒரு நிமிஷம், மாமா" என்றாள். முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினாற்போல் இருந்தது. உறுமல் இல்லை, ஆட்டம் இல்லை. மடியில் வைத்திருந்த வெற்றிலைப் பெட்டி அசையவில்லை. நூற்றுப்பத்து இருக்கும் என்று எண்ணி முள்ளைப் பார்த்தேன். இருநூறு! பார்த்த பிறகுதான் பயம் வந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"இவ்வளவு வேகம் வைத்துக்கொண்டு தினம் காய்கறி வாங்கத்தானே போகிறாய்? அப்புறம் எதற்கு?" என்று கேட்டேன். கேள்வி நியாயம்தானே?

"லாரிகளுக்கு நடுவிலே இந்தச் சாலையில் வந்து சேரணும் பாருங்க, அப்போ உதவும். மழையிலே ஒருத்தரைத் தாண்டணும்னா சட்டுன்னு தாண்டி ஒதுங்கிடலாம். அது ஒரு காரணம். ஆனா நிஜத்தைச் சொல்லட்டுமா? இருக்குன்னு தெரிஞ்சா போதும் மாமா. மனசு அமைதியா இருக்கு. யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. எங்கே வேணா நிறுத்தலாம். கண் திருஷ்டி கிடையாது."

மயிலாப்பூரில் எங்களுக்கு ஓர் அத்தை இருந்தாள். சுங்குடிப் புடவையும் ஒற்றை மூக்குத்தியுமாக அரிசி களைந்துகொண்டிருப்பாள். சங்கீதக் கச்சேரியிலிருந்து திரும்பி வந்தவர்கள் வித்வான் பாடிய தோடியைப் பற்றிச் சிலாகித்தால், களைந்தபடியே அதே இடத்தைப் பாடிக் காட்டுவாள். வித்வான் விட்டுப்போன சங்கதியும் அதில் இருக்கும். அவள் மேடை ஏறவில்லையே என்று எல்லோரும் வருத்தப்பட்டோம், அவளைத் தவிர. காரில் போகும்போது எனக்கு அவள் நினைவு வந்தது.

ஆனால் இந்த அடக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு; அதையும் மறைக்கக் கூடாது. 1990-ல் இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியார், வாக்ஸால் கார்ல்டன் என்ற குடும்பக் காருக்கு 377 குதிரை சக்தி கொடுத்தார்கள். நாலு பேர் உட்காரும் கார் மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் பறப்பதா என்று பத்திரிகைகள் கூக்குரல் போட்டன. 1993-ல் திருடர்கள் அதில் ஒன்றைக் களவாடி, இரவு நேரத்தில் கடைகளை உடைத்துச் சிகரெட்டும் மதுவும் அள்ளிக்கொண்டு போனார்கள். போலீஸ் கார்களால் கிட்டே நெருங்க முடியவில்லை! இதைச் சொன்னபோது தங்கை பெண் மறுக்கவில்லை. சாதுவான உருவம், ஓட்டுகிறவர் சாது என்பதற்கு அத்தாட்சி அல்லவே. எதிரே தெருவைக் கடக்கும் குழந்தைக்கு, வருவது டாக்ஸியா புலியா என்று எப்படித் தெரியும்? இந்த விஷயத்தில் என் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கார், வேகம் என்றாலே ஆண்கள் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 1959-ல் அலெக் இஸிகோனிஸ் வரைந்த மினி கார், கடைக்கண்ணிக்குப் போகிறவர்களுக்காகப் பிறந்த பொம்மை போன்ற வண்டி. பந்தயக் கார் செய்யும் ஜான் கூப்பர் அதற்குப் பலம் ஊட்டினார். 1961-ல் மினி கூப்பர் வெளிவந்தது. அடுத்த வருஷமே ஹாலந்து தேசத்து டுலிப் ராலியில் பெரிய பெரிய கார்களையெல்லாம் பின்னே தள்ளி அது முதலாவதாக வந்தது. ஓட்டியவர் பாட் மாஸ். கூட இருந்து வழி சொன்னவர் ஆன் விஸ்டம். இரண்டு பேரும் பெண்கள்! மாண்டி கார்லோவில் அந்தச் சின்ன வண்டி 1964, 1965, 1967 என்று மூன்று முறை ஜயித்தது பிற்பாடுதான்.

அன்று இரவு குழந்தைகள் தூங்கிய பிறகு வளையல் பேச்சை எடுத்தேன்.

"பீரோவிலே பூட்டி வைச்சிருந்தேன் மாமா. பன்னிரண்டு வருஷத்திலே ரெண்டு தடவை போட்டிருப்பேன். ரெண்டு தடவையும் யாராவது பார்க்கணும்னுதான் போட்டேன். இதை யாரும் பார்க்கணும்னு இல்லே. தினம் காலையிலே சாவியைத் திருப்பும்போது எனக்குச் சந்தோஷமா இருக்கு. அது தப்பா?"

"விற்றது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் சொல்லாமல் விற்றாய் பார், அது தப்பு. அந்த வளையலுக்காக அவள் எத்தனை மாசம் சீட்டுக் கட்டினாள் என்று உனக்குத் தெரியுமா? உன் அப்பா போன பிறகு கட்டியது."

அவள் பேசவில்லை. வெகு நேரம் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள். "சீட்டுக் கட்டினாங்கன்னு அம்மா என்கிட்டே சொன்னதே இல்லையே மாமா" என்றாள் கடைசியில். மறுநாள் விடியற்காலையில் அவளே டெலிபோன் செய்தாள். முக்கால் மணி நேரம். அழுகையும் நடுவில் கேட்டது. நான் காது கொடுக்கவில்லை. காப்பி போடத் தெரியாத அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குத் திரும்பியதும் தங்கை வந்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று முகம் சொல்லிற்று. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"கார் எப்படி இருக்கு, அண்ணா?"

"பார்க்க ஒன்றுமில்லை."

"வேகமாப் போறாளா?"

"சிவப்புக் கார்க்காரன் ஒருவனுக்கு வழி விட்டுவிட்டு நூற்றிருபதில் போனாள்."

ஒரு நிமிஷத்துக்காகப் போன இருநூறை நான் சொல்லவில்லை. தூதன் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று சாஸ்திரம் ஒன்றும் இல்லையே.

தங்கை சற்று யோசித்தாள். "வழி விட்டாளா? அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிட்டு எதுக்கு வழி விடணும்? என் வளையலாச்சே! அவகிட்டே சொல்லிடுங்க" என்றாள்.