துள்ளி ஓடும் மானுக்குள் ஒளிந்திருக்கும் நோய்... காட்டிக்கொடுக்கும் 'உறைமோர்' டெக்னிக்!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் வந்தால் மான் வேட்டை சீசன் களைகட்டும். வேட்டையில் கிடைக்கும் இறைச்சி, பல குடும்பங்களுக்குக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு. ஆனால், இப்போது பலர் உடனே அடுப்பேற்றுவதில்லை. மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, இறைச்சியை ஃப்ரீசரில் வைத்து ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

காரணம், 'க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்'. 1967-ல் கொலராடோ மாநிலத்தில், ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட மான்களிடம் முதன்முதலில் கவனிக்கப்பட்டது. நோய் முற்றினால் மான் எலும்பும் தோலுமாகிவிடும். எச்சில் ஒழுகும், காதுகள் தொங்கிவிடும், மனிதர்களைக் கண்டாலும் மிரளாது. மருந்து கிடையாது, மரணம் நிச்சயம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அறிகுறி தெரியாத காலம்தான். நோய் தொற்றிய பிறகும் ஒன்றரை, இரண்டு வருடங்கள்வரை மான் ஆரோக்கியமாகவே தெரியும். துள்ளி ஓடும், குட்டி போடும். அதற்குள் எச்சில், சிறுநீர், புழுக்கை வழியாக நோயைப் பரப்பியும்விடும்.

இதைப் பரப்புவது வைரஸ் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. 'பிரியான்' எனப்படும், உருக்குலைந்த புரதம். ஒரு ஸ்பூன் உறைமோர் மொத்தப் பாலையும் தயிராக்குவதுபோல, இது அருகிலுள்ள நல்ல புரதங்களையும் தன்னைப்போலவே மாற்றிவிடும். மண்ணில் பல வருடங்கள் தாக்குப்பிடிக்கும். சமையல் சூட்டிலும் அழியாது.

இந்தக் குணத்தையே விஞ்ஞானிகள் ஆயுதமாக்கிவிட்டார்கள். 'ஆர்டி-க்விக்' பரிசோதனையில், நல்ல புரதம் உள்ள கலவையில் மானின் திசுவிலிருந்து எடுத்த சாம்பிளைத் துளியளவு சேர்த்துக் குலுக்குகிறார்கள். பிரியான் இருந்தால் அந்தப் புரதமும் உருமாறும். அதில் கலந்துள்ள சாயம் ஒளிரும். மிகக் குறைந்த அளவு பிரியான்கூடச் சிக்கிவிடும். வழக்கமான பரிசோதனைக்கு இறந்த மானின் மூளைத்தண்டும் தொண்டை நிணநீர்க் கணுக்களும் தேவை. புதிய முறையில், உயிருள்ள மானின் காதுத் தோலிலேயே நோயைத் தேடிப் பார்க்கிறார்கள்.

இதன் அருமை நார்வேக்குத் தெரியும். 2016-ல் அங்கே நூர்ஃபியெல்லா மலைப்பகுதியின் காட்டு ரெயின்டீர்களிடம் இந்த நோய் தெரியவந்தது. எதற்கு நோய், எதற்கு இல்லை என்று பார்த்துப் பிரிக்க வழியில்லை. பரவலைத் தடுக்க, சுமார் 2,000 மான்கள் கொண்ட கூட்டத்தையே கொன்றார்கள். அங்கு நோய் உறுதியானவை மொத்தம் 19 மட்டுமே!

மனிதர்களுக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால், மாடுகளைத் தாக்கிய இன்னொரு பிரியான் நோய், மாட்டிறைச்சி வழியாக மனிதர்களுக்கும் பரவியதை 1996-ல் பிரிட்டன் பார்த்தது. அதனால்தான், 'நோய் உறுதியான மானின் இறைச்சியைச் சாப்பிடாதீர்கள்' என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். ரிசல்ட் வரும்வரை ஃப்ரீசர் கதவு மூடியே இருப்பதுதான் நல்லது!