கவுண்டமணியின் ஸ்தானத்தில் யார்?

சின்னமனூரிலும் கம்பத்திலும் வாழைத்தாரை லாரி லாரியாக ஏற்றி அனுப்புகிற ஒரு பள்ளத்தாக்கில், இரண்டு பழம் வாங்கப் போய் ஒன்றை மட்டும் கொண்டுவந்த செந்திலும், இன்னொன்று எங்கே என்று கேட்டுக் கேட்டுக் கொதித்த கவுண்டமணியும் இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலப் பேசப்பட்டு வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தக் காட்சி இடம்பெற்ற 'கரகாட்டக்காரன்' வெளிவந்தது 1989-ல். அதை இயக்கிய கங்கை அமரன் இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். மதுரையில் அப்படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது. ஆகவே, அதன் இரண்டாம் பாகத்தைப் பற்றிய பிரஸ்தாபம் எழும்போதெல்லாம், கதாநாயகன் யார் என்ற விசாரணை தேனி டீக்கடைகளில் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடுவதும், கவுண்டமணியின் ஸ்தானத்தில் யார் என்ற விவாதம் மட்டும் டீ ஆறிய பிறகும் நீடிப்பதும், கடைசியில் எவர் பெயரைச் சொன்னாலும் 'அவனா?' என்ற ஒற்றை வார்த்தையில் தீர்ப்பு முடிவதும் இயல்பே.

இந்தத் தீர்ப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஒரு காதல் காட்சியை எத்தனை முறை ரசித்தாலும் நாம் அதை வீட்டில் நடித்துக் காட்டுவதில்லை. ஆனால் ஹாஸ்ய வசனத்தையோ, அதைச் சொன்னவரின் ஏற்ற இறக்கத்தோடும், மூச்சு வாங்கிய இடத்தோடும், கல்யாண வீட்டிலும் களத்து மேட்டிலும் ஆயிரம் முறை நாமே சொல்லிப் பார்த்திருக்கிறோம். அப்படிச் செவியில் குடியேறிவிட்ட ஒரு குரலை எதிர்த்துத்தான் புதிதாக வருகிறவர் பிரவேசிக்க வேண்டியிருக்கிறது. இதில் ரசிகரின் பக்கம் நியாயம் உண்டு.

நியாயம் முடிகிற இடமும் உண்டு. அதே முகம் வந்தால் அதே சிரிப்பும் வந்துவிடும் என்ற நம்பிக்கை பொய்த்ததை நாம் சமீபத்திலேயே பார்த்தோம். சுராஜ் இயக்கிய 'தலைநகரம்' 2006-ல் வந்தபோது, வடிவேலுவின் நாய் சேகர் படத்தின் கதையையே ஓரம் தள்ளிவிட்டு மக்கள் மனத்தில் உட்கார்ந்துகொண்டார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2022 டிசம்பரில், அதே வடிவேலுவும் அதே சுராஜும் சேர்ந்து 'நாய் சேகர் ரிட்டன்ஸ்' படத்தைக் கொண்டுவந்தார்கள். முகம் மாறவில்லை, பெயர் மாறவில்லை, இயக்குநரும் மாறவில்லை. சிரிப்பு மட்டும் வரவில்லை. 'இம்சை அரசன்' படத்தின் அடுத்த பாகமாகத் தொடங்கிய 'இருபத்துநான்காம் புலிகேசி' தகராறில் சிக்கி நின்றபோது, வடிவேலு இல்லாத புலிகேசியா என்று கொதித்த அபிமானிகள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

மறுபுறத்தில் 'தில்லுமுல்லு' இருக்கிறது. 2013-ல் அது புதுப்பிக்கப்பட்டபோது, ரஜினிகாந்த் இருந்த இடத்தில் சிவாவா, தேங்காய் சீனிவாசனின் முதலாளி வேஷத்தில் பிரகாஷ்ராஜா என்று அங்கலாய்த்தவர்கள் பலர். ஆனால் 1981-ல் கே. பாலசந்தர் எடுத்த படமே ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' என்ற இந்திப் படத்தின் தழுவல்தானே? அமோல் பாலேக்கரும் உத்பல் தத்தும் இரண்டே ஆண்டுகளுக்கு முன் சிரிக்கவைத்த வேஷங்களை ரஜினிகாந்தும் தேங்காய் சீனிவாசனும் ஏற்றார்கள். சிகரெட்டும் சண்டையுமாகக் கொண்டாடப்பட்ட ரஜினிகாந்தை, முழுநீள ஹாஸ்யத்தில், மீசையை வைத்தும் எடுத்தும் நடிக்க விடலாமா என்று அன்றைய ரசிகர்களிடம் அனுமதி கேட்டிருந்தால், அந்தப் படமே நமக்குக் கிடைத்திருக்காது. மூலத்தைப் பார்த்தவர்கள் இங்கே குறைவு, ஒப்பிட ஆளில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒப்பிட ஆள் இருந்தும் கலை நடந்த இடம் ஒன்று நம்மிடமே உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் இப்பகுதிக் கிராமங்கள் கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைப்பதானால், ராஜபார்ட் ஒருவர், ஸ்திரீபார்ட் ஒருவர், பபூன் ஒருவர், ஆர்மோனியக்காரர் ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்து வருவார்கள். அவர்கள் ஒத்திகை பார்ப்பதில்லை. பல சமயம் அன்றிரவு மேடையில்தான் சேர்ந்து நிற்கிறார்கள். கதை சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அதே 'வள்ளி திருமணம்'. பபூன் மட்டும் வருஷத்துக்கு ஒருவர். போன வருஷத்துப் பபூனே தேவலை என்று முணுமுணுக்கிற பெரியவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் பாயை விரித்து உட்கார்ந்து, விடியும் வரை பார்த்த பிறகே அவர்கள் முணுமுணுப்பார்கள். நோட்டீஸில் பெயரைப் படித்த மாத்திரத்தில் அல்ல.

அந்தப் பபூனுக்கு இருந்த சௌகரியம் சினிமா நடிகருக்கு இல்லை என்பதும் உண்மை. போன வருஷத்துப் பபூன் ஊரைவிட்டுப் போய்விட்டார். கவுண்டமணியோ ஆதித்யா, சிரிப்பொலி தொலைக்காட்சிகளில் தினந்தோறும் நம் கூடத்துக்கு வந்துகொண்டிருக்கிறார். பழையவர் விலகாமலேயே புதியவர் அவர் நாற்காலியில் உட்கார வேண்டியிருப்பதுதான் இன்றைய சங்கடம் எல்லாவற்றுக்கும் மூலம் என்பது என் அபிப்பிராயம். அப்படியிருக்க, அந்தக் குரலையும் அந்த உதையையும் பிரதி செய்யச் சொல்லி ஒருவரை நிறுத்துவது அவருக்குச் செய்கிற அநீதி. பெரியகுளம் தந்த சுருளிராஜன் 1980-ல் மறைந்தார். அந்தக் கீச்சுக் குரலைப் பல குரல் கலைஞர்கள் இன்றும் மேடைகளில் வரவழைக்கிறார்கள். ஆனால் அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பியது அந்தக் குரலுக்கு முற்றிலும் மாறான, அதட்டுகிற ஒரு குரல். அதற்குச் சொந்தக்காரர்தான் கவுண்டமணி.

பழைய ஹாஸ்யத்தைப் புதுப்பிக்க விரும்பும் தயாரிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெயரை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு, பழைய வசனத்தைப் புதிய வாயில் திணிக்காதீர்கள். தென் மாவட்டத் திருவிழா மேடைகளில், எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் இல்லாமல் இரவெல்லாம் ஜனங்களைச் சிரிக்கவைக்கும் பபூன்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது வரவழைத்து, அவருடைய பேச்சிலேயே அவரைப் பேச விட்டுப் பாருங்கள். ரசிகர்களும் 'அவனா?' என்று கேட்பதை முதல் காட்சி முடியும்வரை ஒத்திவைக்கட்டும்.