சிவக்காத தோல்

அப்பப்பா ஐசியுவில் பதினொரு நாள் கிடந்தார். வாட்டுக்கு மாத்தின பிறகு அவரைச் சரிச்சுப் படுக்க வைக்கேக்கதான் கண்டோம்: நாரிக்குக் கீழே உள்ளங்கை அளவு புண். "மிஸ், இது எப்ப வந்தது?" எண்டு அப்பா கேட்டார். "நேற்று வரைக்கும் ஒண்டும் தெரியேல்லை ஐயா" எண்டா அந்த நேர்ஸ். அண்டைக்கு அவமேல சரியான கோபம். இப்ப யோசிச்சால், அவ பொய் சொல்லேல்லை எண்டுதான் படுது.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தசை நசுங்க, இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்த இடம் சாகிறது. மயக்கத்தில் கிடப்பவர் தானாகப் புரளமாட்டார். இரத்த அழுத்தத்தைத் தூக்கும் சில மருந்துகள் தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். 2016இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்று 'அழுத்தப் புண்' என்ற பெயரை 'அழுத்தக் காயம்' என்று மாற்றியது. ஏனென்றால் முதல் நிலையில் தோல் உடைவதில்லை. விரலால் அழுத்தினாலும் வெளிறாத ஒரு சிவப்பு, அவ்வளவுதான்.

சிக்கல் அந்தச் சிவப்பில்தான். வெள்ளைத் தோலில் அது பளிச்செண்டு தெரியும். எங்கட தோலில் கொஞ்சம் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கும், சிலவேளை கண்ணுக்கே படாது. தொட்டுத்தான் பார்க்கவேணும்: பக்கத்துத் தோலைவிடச் சூடா, குளிரா, இறுக்கமா?

படம் பார்த்துப் பழகின கண் அதைத்தான் தேடும். லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கறுப்பு, மண்ணிறத் தோல்களில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் எண்டு காட்டும் கையேட்டை 2020இல் வெளியிட்டார். நைஜீரியாவின் சிடியேபெரே இபே கீறிய, கறுப்புத் தாயின் வயிற்றுக்குள் கறுப்புச் சிசுவின் படம் 2021இல் உலகம் முழுக்கப் பரவியது. சில மருத்துவக் கல்லூரிகளில் மாணவரின் உடம்பிலேயே வர்ணம் பூசி உடற்கூறு படிப்பிக்கினம். மணிக்கணக்காக நீளும் ஒப்பரேசன் மேசையிலும் இந்தக் காயம் தொடங்கலாம். அதனால் சத்திரசிகிச்சை படிக்கிறவரும், சக மாணவரின் மண்ணிற முதுகில் திருவெலும்பைக் கீறிப் பார்க்கட்டும். அதை மூடியிருக்கும் சதை எவ்வளவு கொஞ்சம் எண்டு விரலுக்கே விளங்கும்.

"நோயாளியைப் புரட்டவே ஆளில்லை, இதுக்குள்ள படம் கீறவோ?" எண்டு கேட்பீர்கள். நியாயம்தான். ஆளும் வேணும், நல்ல மெத்தையும் வேணும். எல்லாக் காயத்தையும் தடுக்கவும் ஏலாது. ஆனால் ஆள் குறைவான இடத்தில்தான், யாரை முதலில் புரட்டுறது எண்டு தெரிஞ்ச கண்ணும் கையும் கூடத் தேவை.

அடுத்தமுறை சொந்தக்காரர் ஆரும் படுக்கையில் கிடந்தால், நேர்ஸிட்டக் கேட்டுவிட்டு அவரின் குதிக்காலை ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. நாங்கள் பதினொரு நாளும் அப்பப்பாவின்ர முகத்தை மட்டும்தான் பார்த்தோம்.