பொது மேலாளர்களுக்கு நேர்மையான கணக்கு வேண்டும்: என்பிஏ ரசிகர்களின் கோரிக்கைச் சாசனம்

என்பிஏ ஆணையர் ஆடம் சில்வருக்கும், முப்பது அணிகளின் உரிமையாளர்களுக்கும், கூடைப்பந்தைப் பற்றி எழுதியும் பேசியும் வரும் செய்தியாளர்களுக்கும், இந்த ஆட்டத்தை நேசிக்கும் ரசிகர்களாகிய நாங்கள் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

களத்தில் ஆடுகிறவர்கள் ஐந்து பேர். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எத்தனை கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடுவது என்று தீர்மானிப்பவர் பொது மேலாளர். வீரர்களுக்குப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கு இருக்கிறது. மேலாளருக்கு மட்டும் அணி ஜெயித்தால் மேதை, தோற்றால் மடையன் என்ற இரண்டே தீர்ப்பு. இந்தத் தீர்ப்புக்குப் பயந்தவர் நடப்பு சீசனைக் காப்பாற்ற அடுத்த ஐந்து ஆண்டுகளை அடகு வைக்கிறார். வட்டி கட்டுவது ரசிகர்கள்.

1. முடிவெடுத்த நாளில் என்ன தெரிந்திருந்ததோ, அதை வைத்தே முடிவை எடைபோட வேண்டும்.

2025 பிப்ரவரியில் டல்லாஸ் மேவரிக்ஸின் நிகோ ஹாரிசன், லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்குக் கிடைத்தவை அந்தோனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ன் ஒரு முதல் சுற்றுத் தேர்வு. டான்சிச்சுக்கு அப்போது வயது 25. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிச் சுற்றுக்கு அழைத்துப் போயிருந்தார். மே மாதம் டிராஃப்ட் லாட்டரி நடந்தது. இயந்திரத்தில் சுழலும் 14 பந்துகளில் நான்கு வெளியே வரும். முதலிடத்துக்கான 1,000 எண் சேர்க்கைகளில் டல்லாஸுக்கு ஒதுக்கப்பட்டவை 18 மட்டுமே. அந்தப் பதினெட்டில் ஒன்று விழுந்தது, அந்த முதலிடத் தேர்வாகக் கூப்பர் ஃபிளாக் டல்லாஸுக்கு வந்தார். இந்த அதிர்ஷ்டத்தை ஹாரிசனின் வரவில் எழுதக் கூடாது. டேவிஸ் டல்லாஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டாரே, அந்தக் காயத்தையும் முழுக்க ஹாரிசன் தலையில் கட்டக் கூடாது. ஆனால் டேவிஸ் அடிக்கடி காயப்படுபவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது தெரிந்தும் எடுத்த முடிவுக்கு ஹாரிசனே பொறுப்பு. எங்களைப் பொறுத்தவரை அந்தப் பரிமாற்றம் லாட்டரிக்கு முன்பும் தவறு, பின்பும் தவறு. அவர் நவம்பரில் பதவி நீக்கப்பட்டதும் அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை.

2. ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் காரணத்தைத் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து அதை வெளியிட வேண்டும்.

2014-ல் டென்வர் நகெட்ஸ் நிகோலா யோகிச்சை 41-ஆவது இடத்தில் எடுத்தபோது, தொலைக்காட்சியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று முறை எம்விபி விருது பெறப்போகிறவரின் பெயர் திரையின் அடியில் ஓர் எழுத்து வரியாக வந்து போனது. அதே இரவில் அதே அணி யூசுப் நூர்கிச் என்ற இன்னொரு சென்டரை முதல் சுற்றுத் தேர்வாகப் பெற்றிருந்தது. யோகிச் இவ்வளவு உயரத்துக்கு வருவார் என்று தெரிந்திருந்தால் 41 வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் அப்போது டென்வரை நடத்திய டிம் கானலியையும் அவருடைய குழுவையும் எதற்காகப் பாராட்டுவது? செர்பியாவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கவனித்ததற்கா, வந்த பிறகு அவரை நம்பி அணியைக் கட்டியதற்கா? அன்று எழுதிய குறிப்பு கையில் இருந்தால் பதில் கிடைக்கும். இல்லாவிட்டால், ஜெயித்த பிறகு ஆளாளுக்குச் சொல்லும் கதைதான் மிஞ்சும்.

3. வாங்கிய சொத்தையும் விட்டுப்போன கடனையும் தனித்தனியே எழுத வேண்டும்.

டென்வர் 2023-ல் கோப்பை வாங்கியபோது கானலி அங்கே இல்லை, ஓராண்டுக்கு முன்பே மினசோட்டாவுக்குப் போய்விட்டார். கடன் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் புரூக்ளினுக்குப் போக வேண்டும். 2013-ல் அங்கே மேலாளராக இருந்த பில்லி கிங், வயதேறிய பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் வாங்க 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளை பாஸ்டனுக்குக் கொடுத்தார். 2017 முதல் சுற்றில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையும் பாஸ்டனுக்குப் போனது. அவருக்குப் பின் வந்த ஷான் மார்க்ஸின் முதல் முழு சீசனில் அணி 20 வெற்றி, 62 தோல்வியோடு கடைசியில் நின்றது. தோற்றதற்கு ஆறுதலாகக் கிடைக்க வேண்டிய முதலிடத் தேர்வும் பாஸ்டனுக்கே போனது. பாஸ்டன் அந்த வரவிலிருந்து ஜேலன் பிரவுனையும் ஜேசன் டேட்டமையும் எடுத்தது. 2024-ல் கோப்பை வந்தபோது, அவர்களைத் தேர்ந்தெடுத்த டேனி ஐஞ்ச் பதவியில் இல்லை. அந்த 62 தோல்விகளை மார்க்ஸ் பெயரில் எழுதுகிற பட்டியல் எதையும் நாங்கள் ஏற்க மாட்டோம்.

4. உரிமையாளர் எடுத்த முடிவு உரிமையாளர் பெயரிலேயே பதிவாக வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெபியன் எதிர்காலத் தேர்வுகளை வாரி இறைத்ததால்தான், அடுத்தடுத்த ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளைக் கைவிடக் கூடாது என்ற விதியே வந்தது. இன்றும் அந்த விதிக்கு அவர் பெயர்தான். 2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் அணி மேட் இஷ்பியாவின் கைக்கு வந்த சில நாட்களுக்குள் கெவின் டுரான்ட் வாங்கப்பட்டார். விலையில் நான்கு முதல் சுற்றுத் தேர்வுகளும் அடக்கம். 2024-25 சீசனில் அந்த அணி 36 வெற்றியோடு பிளேஆஃபுக்கே தகுதி பெறவில்லை. இத்தகைய பேரத்தில் மேலாளர் சொன்னது என்ன, முதலாளி சொன்னது என்ன என்று மக்களுக்குத் தெரிய வேண்டும்.

5. திட்டமிட்டுத் தோற்கும் அணி, அதற்கான கால வரம்பை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

சாம் ஹிங்கி பொறுப்பேற்ற பிறகு ஃபிலடெல்ஃபியா மூன்று சீசன்களில் 47 வெற்றி, 199 தோல்வி கண்டது. மூன்றாவது சீசன் முடிவதற்குள் அவர் விலகினார். அவர் எடுத்த ஜோயல் எம்பீட் 2023-ல் எம்விபி ஆனார் என்பது உண்மை. 2025 வரை அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை என்பதும் உண்மை. பொறுமையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் முழு விலைக்கு டிக்கெட் வாங்கி வந்தவரிடம், எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லாமல் பொறுமை கேட்பது நியாயமில்லை.

6. ரசிகர்களாகிய எங்களுக்கு நாங்களே விதிப்பது: மேலாளரின் ஒரு பக்கத்தை மட்டும் படிக்க மாட்டோம்.

சிகாகோ புல்ஸின் மேலாளராக ஜெர்ரி கிராஸ் 1987 டிராஃப்ட் நாளில் ஸ்காட்டி பிப்பனைக் கொண்டுவந்தார், ஃபில் ஜாக்சனைப் பயிற்சியாளராக்கினார். 1998-ல் அந்த மகத்தான அணி கலைந்ததில் அவருக்கும் பங்குண்டு. 2024 ஜனவரியில், அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகப்போகும் வேளையில், புல்ஸ் நடத்திய கௌரவ விழாவில் அவர் பெயரைச் சொன்னதும் அரங்கம் கூச்சலிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த அவர் மனைவி அழுதார். இது ரசிகர் கூட்டத்துக்கே அவமானம்.

7. ஆண்டின் சிறந்த நிர்வாகி விருதை ஒரே சீசனை வைத்துக் கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

மசாய் உஜிரி 2013-ல் டென்வருக்காக இவ்விருதைப் பெற்ற சில வாரங்களில் டொரான்டோவுக்குப் போய்விட்டார். 2019-ல் அங்கே கோப்பையே வென்றும் விருது அவருக்கு இல்லை. ஓக்லஹோமா சிட்டியின் சாம் பிரெஸ்டி 2007 முதல் அதே நாற்காலியில் இருக்கிறார். 2019-ல் பால் ஜார்ஜைக் கொடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கினார். அவற்றில் ஒன்று ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. இடையில் 22 வெற்றி, 24 வெற்றி என்று இரண்டு சீசன்கள். 2025-ல் 68 வெற்றியும் கோப்பையும் வந்தபோதுதான் விருதும் வந்தது. பாராட்டுக்குரிய முடிவு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

ஆகவே விருது ஐந்தாண்டுப் பணிக்கு வழங்கப்பட வேண்டும். வாக்குச்சீட்டில் இப்போதைய மேலாளரின் பெயருக்குப் பக்கத்தில், அந்த வீரர்களை எடுத்த முந்தைய மேலாளரின் பெயரும் அச்சாக வேண்டும். வாக்களிப்பவர்கள் சக நிர்வாகிகள் என்பதால், யார் யாருக்கு ஏன் வாக்களித்தார் என்பதும் வெளியிடப்பட வேண்டும். அடுத்த வாக்குச்சீட்டு அச்சுக்குப் போவதற்கு முன் எங்களுக்கு நாங்களே விதித்ததைத் தவிர மற்ற ஆறுக்கும் ஆணையர் அலுவலகம் எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.