விளையாட்டுப் படிப்பா, விளையாட்டான படிப்பா?



சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு மாலைப்பொழுது. பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து திருமணப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கைத்தடியை ஊன்றியவாறு மெல்லப் படியேறி வந்தார். அகவை எழுபத்தாறு. எங்கள் பங்கில் அவரிடம் கணக்குப் படிக்காத குடும்பம் இல்லை எனலாம். நாற்காலியில் அமர்ந்தவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பின்னர்,

"சுவாமி, அமெரிக்காவில் இருக்கும் என் பேத்திக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதவேண்டும். உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள்" என்றார்.

"ஏன் ஐயா, என்ன நேர்ந்தது?"

"என்ன நேரவேண்டும்? மகன் கலிபோர்னியாவில் கணினிப் பொறியாளன், மருமகள் செவிலி. பிள்ளையைப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள் என்றே எண்ணியிருந்தேன். வீட்டுக்கு அருகில் உள்ள ஏதோ சமுதாயக் கல்லூரியில் உடற்கல்வி படிக்கிறாளாம்! ஓராண்டு முடிந்த பிறகுதான் எனக்கே தெரியவந்தது. டிரில் மாஸ்டர் வேலைக்குப் படிக்கவா கடல் கடந்து போனார்கள்? மூன்று வாரமாக நான் அவளோடு பேசவில்லை."

அவர் கண்களில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. உண்மையை மறைப்பானேன்? என் உள்ளமும் அப்பொழுது அவர் பக்கமே சாய்ந்தது. குருமடத்தில் நாங்கள் பயின்ற நாள்களில் மாலை மணி ஒலித்ததும் கைப்பந்து ஆடுவோம். அது படிப்பின் நடுவே கிடைத்த ஓய்வு என்று கருதினோமேயன்றி, அதுவே ஒரு படிப்பாகக்கூடும் என்று எவரும் எண்ணியதில்லை. ஆயினும், அறியாத ஒன்றைக் கண்டிப்பது அறமாகாது. ஆகவே, "மகளே, நீ அங்கே படிப்பது என்ன? விளக்கமாக எழுது" என்று மட்டும் மின்னஞ்சலில் கேட்டு எழுதினேன். நான்கு நாள்களில் நீண்ட மறுமொழி வந்தது. அதைப் படித்தபின், அறிவுரை தேவைப்பட்டது அப்பெண்ணுக்கன்று, எனக்கே என்பதை உணர்ந்தேன்.

முதலாவது, சமுதாயக் கல்லூரி என்றால் என்ன? அமெரிக்க நாட்டில் இது நூற்றாண்டைக் கடந்த ஏற்பாடு. 1901-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், உயர்நிலைப்பள்ளி ஒன்றோடு இணைந்து இத்தகைய முதற் கல்லூரி தோன்றிற்று. கலிபோர்னியாவில் 1910-இல் பிரெஸ்னோ நகரில் தொடங்கிற்று. இன்று அம்மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. பதினெட்டு வயது நிறைந்த எவரும் அவற்றில் சேரலாம். நுழைவுக்குக் கடும் போட்டி இல்லை. மாநிலத்தில் குடியிருப்போர்க்குக் கட்டணமும் ஓர் அலகுக்கு 46 டாலர் என்னும் அளவில் குறைவே. ஈராண்டுகளில் அறுபது அலகுகள் முடித்து இணைப்பட்டம் பெறுவோர், நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து தொடரலாம். இதற்கு வழிசெய்யும் சட்டம் ஒன்று 2010-இல் அங்கே இயற்றப்பட்டது. ஆக, தலைமையாசிரியர் எண்ணியதுபோல அது முட்டுச்சந்து அன்று; பெருஞ்சாலையில் சென்று கூடும் கிளைப்பாதையே. அதில் நுழைவோர் அனைவரும் மறுமுனையை எட்டுவதில்லை என்பதும் உண்மையே. வேலையும் குடும்பச் சுமையும் பலரை நடுவழியில் நிறுத்திவிடுகின்றன. ஆனால் அது மாணவரின் வாழ்க்கை நெருக்கடியைக் காட்டுமேயன்றிப் படிப்பின் தாழ்வைக் காட்டாது.

இரண்டாவது, அப்பெண் பயிலும் பாடங்கள். கினீசியாலஜி என்று பெயர். உடலசைவைப் பற்றிய அறிவியல் என்று பொருள். மனித உடற்கூறு, உடலின் செயல்முறை ஆகிய இரண்டும் ஆய்வுக்கூடப் பயிற்சியோடு கட்டாயம். புள்ளியியல், வேதியியல், இயற்பியல், உயிரியல் முதலியவற்றுள்ளும் தெரிந்தெடுத்துப் பயிலவேண்டும். இவற்றோடு நீச்சல், நடனம், தற்காப்புக்கலை, உடற்பயிற்சி, தனியாள் ஆட்டம், குழு ஆட்டம் எனும் வகைகளுள் குறைந்தது மூன்றில் தானே இறங்கிப் பழகவேண்டும். "ஃபாதர், தசையின் பெயரைக் காலையில் ஏட்டில் படிக்கிறோம்; மாலையில் அதே தசை நீச்சற்குளத்தில் வலிக்கும்போதுதான் பாடம் புரிகிறது" என்று அவள் எழுதியிருந்தாள். நலவாழ்வு என்னும் பாடத்தில் உணவு, உறக்கம், மன அழுத்தம், புகையும் மதுவும் விளைக்கும் கேடு ஆகியவை இடம்பெறுகின்றன. நீச்சல் வகுப்பில் பத்தொன்பது வயதினளான அவளுக்குப் பக்கத்தில், பேரன் பேத்தி எடுத்த அம்மையார் ஒருவரும் மாணவியாக நின்றாராம்.

இவ்வறிவின் அருமைக்கு ஒரு சான்று கூறுவேன். இலண்டன் மாநகரில் ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் பேருந்துப் பணியாளரின் உடல்நிலையை ஆராய்ந்து, முடிவை 1953-இல் வெளியிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே தெருக்களில், ஒரே புகையைச் சுவாசித்துப் பணிபுரிந்தவர்கள். எனினும் நாளெல்லாம் இருக்கையில் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, இரட்டைத்தட்டு வண்டியின் படிகளில் ஓயாது ஏறி இறங்கிய நடத்துநர்க்கு மாரடைப்பு நோய் குறைவாகவே கண்டது. மருந்தன்று, வெறும் படிக்கட்டு! உடலசைவை எண்ணிப் பார்த்து ஆராய்வது எத்துணைப் பயனுடையது என்பதை உலகம் உணரத் தொடங்கியது இத்தகைய ஆய்வுகளாலேயே. உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் விரைநடை போன்ற மிதமான உழைப்பில் ஈடுபடவேண்டும். அறுபத்தைந்தைக் கடந்தோர் இவற்றோடு, உடற் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளேனும் செய்யவேண்டும். நம் இல்லங்களில் எத்தனை தாத்தா பாட்டியர் இதனைக் கேள்வியுற்றிருக்கின்றனர்?

கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். இருமுறை படித்தார். "எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது" என்றாரேயன்றி வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரைப் பங்கு இல்லத்துக்கு அழைத்தேன். அங்கே சனிக்கிழமை இரவு. கைபேசித் திரையில் பேத்தி தோன்றினாள். இருவரும் சற்றுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"தாத்தா, எனக்காக ஒரு சின்னத் தேர்வு எழுதுவீர்களா?" என்றாள் அவள்.

கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் முதியோர்க்கென வகுக்கப்பட்ட தேர்வாம் அது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னாள். "நெஞ்சு வலி உண்டா? தலைச்சுற்றல் உண்டா?" என்று முதலில் கேட்டாள். பிறகு, "கடந்த ஓராண்டில் எங்கேனும் விழுந்தீர்களா, தாத்தா?" என்றாள்.

தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"தவக்காலத்தில் ஒருமுறை குளியலறையில் விழுந்தேன்" என்றார் மெல்லிய குரலில். "பெரிய அடி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தனியே இருக்கவேண்டாம் என்பீர்கள்."

திரையில் அப்பெண்ணின் கண்கள் கலங்கின. ஆனால் குரல் கலங்கவில்லை. "சொன்னது நல்லதாயிற்று, தாத்தா. மருத்துவரிடமும் இதைச் சொல்லவேண்டும். இன்று மெதுவாகச் செய்து பார்ப்போம். ஃபாதர், நீங்கள் அருகில் நில்லுங்கள்" என்றாள்.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முழுவதும் எழுந்து நின்று, மீண்டும் அமரவேண்டும். முப்பது வினாடியில் எத்தனை முறை என்பதே கணக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். முதன்முறை அவர் தம்மை அறியாமலே கையை ஊன்றி எழுந்தார்.

"கை ஊன்றினால் கணக்கில் சேராது, தாத்தா!"

ஊர் முழுவதற்கும் கணக்குச் சொல்லித்தந்தவர் சிரித்துவிட்டார். மூன்று வாரத்துக்குப்பின் அன்றுதான் அவர் பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். மீண்டும் தொடங்கினோம். ஏழாம் முறை எழும்போதே நேரம் முடிந்துவிட்டது. அவர் வயது ஆடவர்க்குப் பதினொன்றுக்குக் கீழே வந்தால், கால் வலிமை குறைந்து விழும் வாய்ப்பு மிகுந்துள்ளது என்பதன் அறிகுறியாம்.

மருத்துவர் பார்த்து இசைவு தந்தபின், பேத்தி பயிற்சிமுறை ஒன்றை எழுதி அனுப்பினாள். பத்துமுறை எழுந்து அமர்தல்; நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்துதல்; சுவரோரமாக ஒரு காலுக்கு முன் மறுகாலை வைத்து நிற்றல்; மாலையில் கோயில் வளாகத்தைச் சுற்றி நடத்தல். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி ஒன்றும் பொருத்தச் சொன்னாள். செலவு அந்தக் கம்பிக்கு மட்டுமே.

ஒருநாள் நடை முடிந்து திண்ணையில் அமர்ந்தவர், தாமாகவே ஒன்று சொன்னார்: "சுவாமி, நான் தலைமையாசிரியராக இருந்த காலமெல்லாம் பத்தாம் வகுப்பு உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கே எடுத்துக்கொண்டேன். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது என்று பாராட்டும் பெற்றேன். டிரில் மாஸ்டர் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. பந்துகளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, நான் கொடுத்த எழுத்து வேலையைச் செய்துகொண்டிருப்பார். அவருக்கு நான் இழைத்தது அநீதி, அப்பிள்ளைகளுக்கும் அநீதி."

இது அவர் ஒருவரது குறை மட்டுமா? சென்னையில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920-இல். நூறாண்டுக்கு மேலாக நம் நடுவிலேயே இக்கல்வி இருந்துவருகிறது. இருந்தும், 'படிப்பு வராத பிள்ளைக்கு விளையாட்டு' என்னும் எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. பதக்கம் வென்றால் மாலையிடுகிறோம். வெல்லாதவரின் உடல் யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. அப்பெண் பயிலும் கல்வியின் மேன்மை ஈண்டே உள்ளது. அது வெற்றி வீரர்க்கு மட்டும் உரியதன்று. முழங்கால் வலிக்கும் பாட்டிக்கும், இரவுப்பணி முடிந்து வரும் செவிலிக்கும், சர்க்கரை நோயால் வருந்தும் குருவானவருக்கும் உரியது. ஊருக்குள்ளேயே, குறைந்த கட்டணத்தில், எவ்வயதினர்க்கும் கதவு திறக்கும் கல்லூரியில் அது கற்பிக்கப்படுவது எத்துணைப் பொருத்தம்! உடல் இறைவன் உறையும் ஆலயம் என்று மறையுரையில் எத்தனையோ முறை நான் கூறியதுண்டு. அவ்வாலயத்தின் தூண்களைச் சோதித்துப் பார்க்க, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய படிப்பை விரும்பினால், உறவினர் என்ன சொல்வர் என்பதை முதற் கேள்வியாக்காதீர்கள். பாடத்திட்டம் என்ன, மேற்படிப்புக்கு வழி உண்டா, எத்தகைய பணிகளுக்குத் தகுதி கிட்டும் என்று கேளுங்கள். கேட்டு ஆராய்ந்தபின் மறுத்தாலும் அது நேர்மை. கேளாமலே இகழ்வதுதான் பிழை. பிள்ளைகளே, பெரியோர் வருந்துவர் என்று அஞ்சி உங்கள் விருப்பத்தை ஓராண்டு மறைத்து வைக்காதீர்கள். முதியோரே, விழுந்ததை மறைக்காதீர்கள். ஒரு குடும்பத்தில் ஆளுக்கொன்றை மறைத்துக்கொண்டிருந்தால், ஒருவர்க்கொருவர் எவ்வாறு உதவ இயலும்?

கிறிஸ்து பிறப்பு விழாவன்று தலைமையாசிரியர் மீண்டும் தேர்வு எழுதினார். எண்ணிக்கை பத்து. "பதினொன்று வராமல் விடமாட்டேன்" என்று சூளுரைத்திருக்கிறார். உறவினர் வினவினால், பேத்தி 'உடலியல் அறிவியல்' படிக்கிறாள் என்றே இன்னும் சொல்லிவருகிறார். உடற்கல்வி என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அதற்கும் காலம் வரும். ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் கைபேசியோடு என் திண்ணைக்கு வந்துவிடுகிறார்.

அவரோடு சேர்ந்து நானும் ஒருநாள் அந்நாற்காலியில் எழுந்து அமர்ந்து பார்த்தேன். என் எண்ணிக்கையை மட்டும், அன்பு வாசகர்களே, தயைகூர்ந்து கேளாதீர்கள். மாலை நடையை நானும் தொடங்கிவிட்டேன் என்பதை அறிந்தால் போதும்.

உங்கள் நலம் நாடும்,
பங்குத்தந்தை