வளவைத் திறந்து வையுங்கள்

செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பார்க்கிறார்கள். மதியம் காரசாரமாக ஒரு கோழிக் குழம்பு. சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள். நம் பொன்னமராவதிப் பக்கம் வருகிறவர்கள் குறைவு.

இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நம்மவர்களே கேட்கிறார்கள். வ.சுப. மாணிக்கனார் 1917-இல் பிறந்த மேலைச்சிவபுரி இருக்கிறது. அங்கேயே கணேசர் செந்தமிழ்க் கல்லூரி. வேந்தன்பட்டியில் நந்திக்கு நெய் அபிஷேகம். பூலாங்குறிச்சிப் பாறையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைமையான கல்வெட்டு. இவற்றோடு வலையப்பட்டி, குழிபிறை, ராங்கியம் என்று ஊர் ஊராகப் பெரிய வீடுகள்.

அந்த வீடுகளைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன். பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலில் வந்து கட்டிய வீடுகள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. அங்கே போட்ட முதலில் பெரும்பகுதி போயிற்று. வீடுகள் மட்டும் மிஞ்சின. இன்று ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது புள்ளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று முடிவாவதற்குள் மழை வந்துவிடுகிறது. ஓடு ஒழுகினால் உத்திரம் உளுக்கும். உத்திரம் போனால் வீட்டைப் பிரித்து விற்பதுதான் வழி. தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே ஏறிவிட்டன. பட்டியல் வந்து ஓடு மாற்றாது.

ஸ்பெயின் நாட்டின் தெற்கே அந்தலூசியா என்றொரு பகுதி. நம்மைப் போலவே வெயில் ஊர். அங்கே கோர்தோபா நகரத்து வீடுகளிலும் நடுவில் முற்றம் உண்டு. 1921-இலிருந்து மே மாதத்தில் முற்றங்களுக்குப் போட்டி வைக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் சுவரெல்லாம் பூந்தொட்டி மாட்டி, வாசலைத் திறந்து வைக்கிறார்கள். ஊர் உலகமே வந்து பார்க்கிறது. 2012-இல் யுனெஸ்கோ அந்த விழாவையே பண்பாட்டுச் சொத்தாக ஏற்றது. நான் அங்கே போனதில்லை. மகன் போய்வந்து காட்டிய படங்களில் எனக்குப் பிடித்த விஷயம், அவற்றில் பல வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன என்பதுதான்.

நாமும் செய்யலாம். மே மாதம் நமக்கு ஆகாது; தை மாதம் நல்லது. பொங்கலுக்கும் படைப்புக்கும் எப்படியும் சொந்தங்கள் வருகின்றன. ஊருக்கு நான்கு வீடு, நான்கு நாள், வளவு வரைக்கும் திறந்தால் போதும். உள் அறைகள் பூட்டியே இருக்கட்டும். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, கும்மாயம் ஆகியவற்றை உள்ளூர்ப் பெண்கள் சுடச்சுடச் செய்து விற்கட்டும். செட்டிநாட்டுச் சமையல் என்றால் வெறும் காரம் என்ற எண்ணமும் மாறும். வருகிற கட்டணம் அந்த வீட்டு ஓட்டுக்கே போகட்டும்.

கண்டவர்களும் உள்ளே வந்தால் திருட்டுப் போகாதா என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் பூட்டிக் கிடக்கிற வீட்டில்தான் திருடனுக்கு வசதி. நாலு பேர் வருவார்கள் என்றால் வீட்டைக் கூட்டுவோம், ஒட்டடை அடிப்போம், ஒழுகும் இடம் கண்ணில் படும். வீடு பிழைப்பதற்கு அதுதானே வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் ஏதோ ஒரு வீட்டின் புள்ளி. இந்தத் தை மாதம் எல்லோரும் கூடும்போது பேச்சை எடுங்கள். பெரியவர்கள் நாம் எடுத்தால்தான் நடக்கும். சாவி எந்த வீட்டில் தொங்குகிறது என்பதே நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது.