வீட்டு நாய்க்கும் வேலை வேண்டும்

"நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை" என்பது நம்மவர் வழக்கு. தெருவில் திரியும் நாயைக் கண்டு எழுந்த பழமொழி அது. உண்மையில் அந்நாய்க்கு வேலை நிரம்ப உண்டு. எந்த மூலையில் உணவு கிடைக்கும், எந்த வீட்டார் கல்லெடுப்பர், இரவில் இவ்வழியே சென்ற விலங்கு எது என்பனவற்றை அது நாள் முழுதும் மோந்தும் நோக்கியும் அறிந்துகொண்டே இருக்கிறது. உண்மையில் வேலையற்றிருப்பது நாம் சங்கிலியில் கட்டி வளர்க்கும் நாயே. அதற்கு நேரமோ ஏராளம்.

வேளைக்கு உணவு, படுக்க நிழல், உரிய காலத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, மாலையில் சிறிது நடை ஆகியவற்றை அளித்துவிட்டால் வளர்ப்போர் கடமை தீர்ந்தது என்று பலரும் கருதுகின்றனர். இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை மட்டும் போதா என்பதே என் கருத்து.

இக்கருத்துக்கு நான் வந்தது என் பிழையினாலேயே. நாயை எப்பொழுதும் கட்டியே வைத்து, அதற்குத் தக்க பயிற்சி அளிக்காமல் விடுவது கொடுமை என்று 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வாசகத்தைத் தமிழில் எழுத நேர்ந்தபோது, தயக்கமின்றி 'உடற்பயிற்சி' என்று எழுதினேன். அந்நாட்களில் டில்லியில் எங்கள் வீட்டு மாடியில் கட்டிக் கிடந்த நாய் கதவைக் கடித்துக் குதறிற்று. தன் முன்னங்காலைப் புண்ணாகும் வரை நக்கிற்று. தோல்நோய் ஏதுமில்லை என்றார் கால்நடை மருத்துவர். இரு வேளையும் நான் அதனை நடக்க அழைத்துச் சென்றதுண்டு. ஆயினும், அது மரத்தடியில் மூக்கை வைத்தபோதெல்லாம், அலுவலகத்துக்கு நேரமாயிற்றென்று வாரைப் பிடித்து இழுத்தேன். கால்களுக்குப் பயிற்சி கிடைத்தது, அறிவுக்குக் கிடைக்கவில்லை.

நாய் உலகை அறிவது பெரும்பாலும் மூக்கினால். மனிதன் கண்ணால் செய்வதை அது மோப்பத்தால் செய்கிறது. அனுபவத்துக்கு இடமின்றி வளர்ந்த நாய் என்னவாகும் என்பதை, கனடா நாட்டின் மெக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1950-களில் கண்டனர். உணவுக்குக் குறைவின்றி, ஆனால் வெளியுலகத் தொடர்பின்றி, குட்டிகளைப் பல மாதங்கள் தனிக்கூண்டில் வளர்த்தனர். வெளிவந்த நாய்கள் எளிய சிக்கல்களைத் தீர்க்கவும் இடர்ப்பட்டன. எரியும் தீக்குச்சியில் மூக்கை நீட்டிச் சுட்டுக்கொண்ட பின்னும் விலகக் கற்கவில்லை. அத்தகைய சோதனையை இன்று எவரும் விரும்பார்; அது தந்த பாடத்தை மறத்தலும் ஆகாது.

2019-இல் ஷார்லட் துரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹொரொவிட்ஸ் என்ற இருவர் 20 வளர்ப்பு நாய்களை இரு குழுவாக்கி ஆராய்ந்தனர். ஒரு குழு இரு வாரம் உணவை மோந்து தேடும் பயிற்சியும், மற்றது உரிமையாளரை ஒட்டி நடக்கும் பயிற்சியும் பெற்றது. பின்னர், உணவு இருக்குமோ இராதோ என்று ஐயத்துக்கிடமான கிண்ணத்தை வைத்தபோது, மோப்பப் பயிற்சி பெற்ற நாய்கள் முன்னிலும் விரைந்து சென்றன. அவற்றின் மனநிலை நம்பிக்கை மிக்கதாயிற்று என்பது ஆராய்ச்சியாளர் முடிவு.

மனிதருக்கே போதாத நாட்டில் நாய்க்கு விளையாட்டா என்று சிலர் வினவலாம். இதற்குப் பொருட்செலவே இல்லை. அன்றாட உணவில் ஒரு பகுதியைத் தட்டில் இடாமல் புல்தரையில் தூவுக. கவிழ்த்த மூன்று கொட்டாங்கச்சிகளுள் ஒன்றன் கீழ்ச் சப்பாத்தித் துண்டை வைத்துத் தேடச் செய்க. பழந்துணியில் உணவைச் சுருட்டிக் கொடுக்கலாம். துணியை விழுங்காதபடி அருகிருந்து பார்க்க வேண்டும். நடையில் ஒரு பகுதியை நாயின் மூக்குக்கே விட்டுவிடுக. நாள்தோறும் கால் மணி நேரமேனும் இதற்கு ஒதுக்கினால் போதும். எங்கள் நாயின் கால்புண் ஆறுவதற்கு இரு மாதங்கள் ஆயின. கதவைக் கடிப்பது அதற்கு முன்பே நின்றது.

உயர்சாதி நாய்க்கே இத்தகைய அறிவு உண்டு என்பதும் தவறு. பயிற்சியே பெறாத தெருநாய்களுள் அருகில் வந்தவற்றில் பெரும்பாலானவை, மனிதர் கைகாட்டிய கிண்ணத்தையே நாடின என்பதைக் கொல்கத்தாப் பகுதியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2020-இல் வெளியிட்டனர்.

கிராமங்களில் பணிபுரிவோர் காணும் காட்சி ஒன்றுண்டு. ஓயாமல் குரைக்கும் நாய், பொருள்களைக் கடித்தெறியும் நாய் 'கெட்ட நாய்' எனப் பெயர் பெற்று, ஒரு நாள் கோணியில் கட்டி ஊர்க்கோடியில் விடப்படுகிறது. தடுப்பூசியும் உணவும் நின்று, அவ்வூர்ப் பிள்ளைகளுக்கே அது ஆபத்தாகவும் கூடும். அந்நிலை வருமுன், அந்நாய்க்கு நாள் முழுதும் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று வீட்டாரைக் கேட்க வேண்டும். எனினும், நாயின் இயல்பு திடீரென மாறினால் சலிப்பென்று வாளாவிருத்தல் ஆகாது. வெறிநோயும் அவ்வாறு தொடங்கக்கூடும். எனவே அதனைத் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆசிரியர்களும் இதனை மாணவருக்கு எடுத்துரைக்கலாம். கொட்டாங்கச்சிகளின் அருகே தம் வீட்டு நாய் என்ன செய்கிறது என்று ஒரு வாரம் குறித்துவருமாறு கூறினால், பிள்ளைகள் உற்றுநோக்கலைக் கற்பர். நாய்க்கும் அன்றாடம் ஒரு வேலை கிடைக்கும். சட்டத்தின் அவ்வாசகத்தை மீண்டும் எழுதும் வாய்ப்பு எனக்குக் கிட்டினால், 'உடல்' என்ற சொல்லை நீக்கிப் 'பயிற்சி' என்று மட்டுமே எழுதுவேன்.